கரண்ட் விலை ஏன் ஏறுது? கலிபோர்னியா கற்றுத்தந்த பாடம்

கரண்ட் பில் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “போன மாசம் எரிச்ச அதே பல்ப்புதானே, பிறகு எப்படி இவ்வளவு?” என்பதுதான். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது. பின்னர் சில தடவை குறைந்தது, சில தடவை கூடியது. இதற்கு நடுவே ஒரு பேச்சும் அடிபடுகிறது. “மின்சார சபை ஒன்னே ஒன்னு இருக்கிறதாலதான் இந்த நிலை. பல கம்பனி வந்து போட்டி போட்டா விலை தானா இறங்கும்” என்கிறார்கள் சிலர். “கம்பனிக்காரன் கையில போனா நம்ம கதை முடிஞ்சுது” என்கிறார்கள் வேறு சிலர்.

இதில் எது உண்மை? இந்தக் கேள்வியை ஒரு பெரிய மாநிலமே சோதித்துப் பார்த்து, சூடுபட்டுக் கொண்டது. அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே நடந்ததைக் கணக்குப் போட்டுக் காட்டிய பொருளியல் அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியை இந்தக் கட்டுரையில் சிறிது விளக்கமாகப் பார்ப்போம்.

யார் இந்த அறிஞர்?

அவர் பெயர் செவரின் போரன்ஸ்டைன். பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எங்கே போட்டி உண்மையாக வேலை செய்கிறது, எங்கே அது பெயருக்கு மட்டும் இருக்கிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சியின் மையம். முதலில் விமானக் கட்டணங்களை ஆராய்ந்தார். பிறகு பெற்றோல் விலையைப் பார்த்தார். 1997 ஆம் ஆண்டு அவரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிந்த ஒன்றைக் கணக்கில் காட்டியது. மசகு எண்ணெய் விலை ஏறினால் பெற்றோல் விலை சட்டென்று ஏறுகிறது. எண்ணெய் விலை இறங்கினாலோ பெற்றோல் விலை ஆறுதலாகத்தான் இறங்குகிறது. “ஏறுறது பஸ்ஸில, இறங்குறது நடையில” என்று நாம் சொல்வதைத்தான் அவர் புள்ளிவிபரத்தோடு எழுதினார்.

அதன்பின் அவர் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. காரணம், அவர் வாழ்ந்த மாநிலத்திலேயே மின்சாரத்துக்கு ஒரு புதுச் சந்தை திறக்கப்பட்டது.

மின்சாரத்துக்கும் ஏலமா?

1996 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதுவரை ஒவ்வொரு பகுதியிலும் ஒரே மின்கம்பனிதான் மின்சாரத்தை உற்பத்தி செய்து, கம்பி வழியாகக் கொண்டுவந்து, வீடுகளுக்கு விற்றது. புதுச் சட்டத்தின் பின் அந்தக் கம்பனிகள் எரிவாயுவில் ஓடிய தமது மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றை வெளிக் கம்பனிகளுக்கு விற்றன. 1998 இல் சந்தை திறந்தது. மின் நிலையம் வைத்திருப்பவர்கள் விற்க வேண்டும், மின்கம்பனிகள் வாங்கி வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். விலையை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏலம் தீர்மானிக்கும்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. நாம் பறிக்கும் கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குத்தானே போகிறது! ஆனால் தேயிலை ஏலத்துக்கும் மின்சார ஏலத்துக்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு.

முதலாவது, தேயிலையில் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி விலை. மின்சார ஏலத்தில் எல்லோருக்கும் ஒரே விலை. குறைந்த செலவில் ஓடும் நிலையத்தை முதலில் எடுப்பார்கள், அடுத்து அதைவிடக் கொஞ்சம் கூடியது, அதற்கடுத்து இன்னும் கூடியது என்று தேவை தீரும்வரை வரிசையாக எடுப்பார்கள். கடைசியாக எடுத்த நிலையம் கேட்ட விலை எதுவோ, அதுவே எல்லோருக்கும் விலை.

இரண்டாவது, தேயிலையை ஸ்டோரில் வைக்கலாம். இந்த வாரம் விலை போகாவிட்டால் அடுத்த வாரம் ஏலத்தில் போடலாம். அந்தக் காலத்தில் மின்சாரத்தைப் பெரிய அளவில் அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை. எரியும் நேரத்திலேயே உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி கொஞ்சம் குறைந்தாலும் எங்கோ ஓர் ஊரை இருட்டாக்கித்தான் சமாளிக்க முடியும்.

இந்த இரண்டு வித்தியாசமும் சேர்ந்துதான் கலிபோர்னியாவில் வினையாகியது.

2000 ஆம் ஆண்டில் நடந்தது என்ன?

முதல் இரண்டு வருடம் ஓரளவு நன்றாகவே போனது. 1999 இல் மொத்த விலை ஒரு மெகாவாட் மணித்தியாலத்துக்கு 30 டொலர் அளவில் இருந்தது. ஒரு மெகாவாட் மணித்தியாலம் என்றால் நமது பில்லில் வரும் 1000 யூனிட்.

2000 ஆம் ஆண்டு கோடையில் நிலைமை மாறியது. வெயில் கடுமை. வடமேற்கு மாநிலங்களில் மழை குறைந்து, அங்கிருந்து வரும் நீர்மின்சாரம் சுருங்கியது. எரிவாயு விலையும் ஏறியது. யூன் மாதத்தில் மின்சாரத்தின் மொத்த விலை 100 டொலரைத் தாண்டியது. டிசம்பரில் 300 டொலரையும் தாண்டியது!

சான் டியாகோ நகர மக்களுக்கு அடி நேரடியாக விழுந்தது. அங்கே வீட்டுக் கட்டணத்துக்கு இருந்த கட்டுப்பாடு 1999 இலேயே நீங்கியிருந்தது. ஆகவே சில மாதங்களிலேயே பில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. மக்கள் கொதித்தெழுந்தபின், அவ்வருடம் செப்டெம்பரில் அரசு அவர்களுக்கு ஓர் உச்ச விலையைச் சட்டமாக்கியது.

மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் வீட்டுக் கட்டணம் கட்டுப்பாட்டில் இருந்தது. அது மக்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மின்கம்பனிகள் கூடிய விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. ஒரு தேங்காயை 200 ரூபாவுக்கு வாங்கி 60 ரூபாவுக்கு விற்கும் கடை எத்தனை நாளைக்கு ஓடும்? 2001 ஏப்ரலில் மாநிலத்தின் பெரிய மின்கம்பனியான பசிபிக் காஸ் அன்ட் எலக்ட்ரிக் கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போனது.

இருட்டும் வந்தது. 2001 ஜனவரி, மார்ச், மே மாதங்களில் பகுதி பகுதியாக மின்வெட்டு. உலகத்திலேயே கணினித் தொழிலுக்குப் பேர்போன மாநிலத்தில் வீதி விளக்குகள் அணைந்து கிடந்தன. இதில் விசித்திரம் என்னவென்றால், ஜனவரி அங்கே குளிர்காலம். மின்சாரத் தேவை கோடையைவிட நன்றாகக் குறைந்திருக்கும் காலம். தேவை குறைந்த காலத்தில் மின்வெட்டு ஏன்?

மறைத்து வைத்த ஆடு

இதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போடுவோம்.

தீபாவளிக்கு ஒரு டிவிசனில் 20 ஆடு விற்பனைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை 12 ஆடுதான் என்றால் விற்பவர்கள் தமக்குள் போட்டி போடுவார்கள். விலை நியாயமாக இருக்கும். ஆனால் தேவை 19 ஆடு என்றால்? ஐந்து ஆடு வைத்திருக்கும் ஒருவர் யோசிக்கிறார். ஐந்தையும் தலா 40,000 ரூபாவுக்கு விற்றால் 2 லட்சம். இரண்டு ஆட்டை மலைக்குப் பின்னால் கட்டி வைத்துவிட்டு, “மூனுதான் இருக்கு” என்கிறார். இப்போது ஊரில் 18 ஆடுதான். வாங்குகிறவர்கள் முந்தியடிக்கிறார்கள். விலை 80,000 ஆகிறது. மூன்றை விற்று 2 லட்சத்து 40 ஆயிரம் எடுக்கிறார். மறைத்த இரண்டு ஆடும் கைவசம்!

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அவர் யாரோடும் கூட்டுச் சேரவில்லை. களவும் செய்யவில்லை. ஒருவராக நின்றே முழு டிவிசனின் விலையையும் ஏற்றிவிட்டார். மற்றவர்களும் தங்கள் ஆட்டை அதே 80,000 ரூபாவுக்கு விற்றுக்கொண்டார்கள்.

ஆடு என்றால் “போகட்டும், கோழி வாங்குவோம்” என்று சொல்லலாம். மின்சாரத்துக்கு மாற்று ஏது? கலிபோர்னியாவில் ஏலத்தில் அந்த மணித்தியாலம் என்ன விலை போகிறது என்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே விலை எவ்வளவு ஏறினாலும் பாவனை குறையவில்லை. விற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தேவைக்கும் உற்பத்திக்கும் இடைவெளி சிறுத்துவிட்டால், அங்கே பத்துக் கம்பனி இருந்தாலும் ஒவ்வொன்றும் இந்த ஆட்டுக்காரர்தான்.

100 டொலரில் 59 டொலர்

“விலை ஏறியதற்கு எரிவாயு விலையும் மழை இல்லாததும்தான் காரணம்” என்று மின் நிலையக் கம்பனிகள் சொல்லின. “எல்லாம் கொள்ளை” என்று அரசியல்வாதிகள் சொல்லினர். போரன்ஸ்டைன், ஜேம்ஸ் புஷ்நெல், பிராங்க் வோலக் என்ற மூன்று பொருளியலாளர்கள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டுக் கணக்கில் இறங்கினார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு மின் நிலையமும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு எரிவாயு எரிக்கும் என்பது தெரிந்த விடயம். அன்றைய எரிவாயு விலையும் தெரியும். ஆகவே ஒவ்வொரு மணித்தியாலத்திலும் கடைசியாகத் தேவைப்பட்ட நிலையத்துக்கு உண்மையில் என்ன செலவு போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதை ஏலத்தில் போன விலையோடு ஒப்பிட்டார்கள். தேவை குறைந்த நேரங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. தேவை கூடிய நேரங்களில் பெரிய பள்ளம் தெரிந்தது.

2002 இல் வெளியான அந்த ஆய்வின் கணக்கு இது. 1999 கோடையில் மொத்தச் சந்தையில் மின்சாரத்துக்குச் செலவான பணம் 204 கோடி டொலர். 2000 கோடையில் அது 898 கோடி டொலர். இந்தக் கூடுதல் செலவில் ஒவ்வொரு 100 டொலரையும் எடுத்துப் பார்த்தால்:

21 டொலர், உற்பத்திச் செலவு உண்மையாகவே கூடியதால் வந்தது.

20 டொலர், எல்லோரும் நேர்மையாகப் போட்டி போட்டிருந்தாலும் வந்திருக்கும். கடைசி நிலையத்தின் செலவு ஏறும்போது, மலிவாக ஓடும் நிலையங்களுக்கும் அதே விலை கிடைக்கிறதல்லவா, அந்த இலாபம்.

மீதி 59 டொலர், விற்பவர்கள் தங்கள் கை ஓங்கியிருந்ததைப் பயன்படுத்தி விலையை ஏற்றியதால் வந்தது.

அதாவது கம்பனிகள் சொன்னதிலும் உண்மை இருந்தது. மழை குறைந்ததும், எரிவாயு ஏறியதும் பொய்யல்ல. ஆனால் அதைக் காரணம் காட்டி எடுத்த பணம் அதைவிடப் பெரிது.

சட்டத்தை மீறியவர்களும் இருந்தார்கள். என்ரன் கம்பனியின் மேற்குப் பகுதி மின்வணிகத்துக்குத் தலைமை தாங்கியவர் 2002 ஒக்டோபரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் களவு செய்தவனைப் பிடித்து அடைத்தால் மட்டும் போதாது. களவே இல்லாமலும் விலையை ஏற்ற முடிகிற விதமாகச் சந்தையின் விதிகள் இருந்தன. பெரிய ஓட்டை அதுதான்.

பொங்கலுக்கே பேசி வைத்த விலை

போரன்ஸ்டைன் இரண்டு மருந்து சொன்னார்.

ஒன்று, நீண்டகால ஒப்பந்தம். தீபாவளிக்கு முதல் நாள் ஆடு தேடி ஓடாமல், தைப்பொங்கலுக்கே “உங்க நாலு ஆடு எங்களுக்கு, விலை இவ்வளவு” என்று பேசி வைத்தால் என்னாகும்? அந்த ஆட்டுக்காரர் விலையை ஏற்றிப் பார்ப்பதில் பயனில்லை. கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ஆடுதான். கலிபோர்னியாவின் சட்டம் மின்கம்பனிகளை அப்படிப் பேசி வைக்க விடாமல், பெரும்பாலும் அன்றாட ஏலத்திலேயே வாங்க வைத்தது. கடைசியில் மாநில அரசே 2001 இல் நீண்டகால ஒப்பந்தங்கள் எழுதியது. பல ஆண்டுகளுக்கு மொத்தம் 4,000 கோடி டொலருக்கு மேல்! ஆனால் அது விலை உச்சத்தில் நின்ற நேரம். நெருக்கடியில் எழுதும் ஒப்பந்தத்தில் பேரம் பேச வாய் வராது. நல்ல காலத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

இரண்டாவது, பாவிப்பவருக்கு விலை தெரிய வேண்டும். முக்கியமாகப் பெரிய தொழிற்சாலைகள், கடைகள் போன்றவை விலை கூடிய நேரத்தில் பாவனையைக் குறைத்தால் விற்பவரின் கை இறங்கும். 2001 கோடையில் கலிபோர்னியா ஒரு திட்டம் போட்டது. முந்திய வருடத்தைவிட 20 வீதம் குறைவாகப் பாவித்தால் பில்லில் 20 வீதம் கழிவு. ஏராளமான குடும்பங்கள் இதில் பயன்பெற்றன. அந்த யூன் மாதத்தில் மத்திய அரசின் ஆணைக்குழுவும் மேற்கு மாநிலங்கள் முழுவதுக்கும் மொத்த விலைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மக்கள் சிக்கனமும், விலைக் கட்டுப்பாடும், புது நிலையங்களும், இறங்கிய எரிவாயு விலையும் சேர்ந்து நெருக்கடி தணிந்தது.

அப்படியானால் போட்டியே கூடாதா?

அப்படியும் இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சந்தை முறைக்கு மாறிய அணுமின் நிலையங்களை ஆராய்ந்த லூகஸ் டேவிஸ், கத்தரின் வுல்ப்ரம் என்ற இருவர், அவற்றின் உற்பத்தி ஏறத்தாழ 10 வீதம் கூடியதாக 2012 இல் காட்டினார்கள். நின்று கிடந்த நாட்கள் குறைந்தன. ஓடினால்தான் காசு என்ற நிலை வந்ததும் வேலை சுறுசுறுப்பானது.

ஆனால் அந்த நன்மை வீட்டுப் பில்லுக்கு வந்து சேர்ந்ததா? 2015 இல் போரன்ஸ்டைனும் புஷ்நெலும் 20 வருட அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தை முறைக்கு மாறிய மாநிலங்களில் கட்டணம் ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் எரிவாயு விலையோடுதான். எந்த முறை மலிவு என்பதைவிட, இலாபம் யார் கைக்குப் போக வேண்டும் என்ற இழுபறியே இந்த மாற்றங்களுக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது என்றார்கள்.

இந்த “யார் கட்டுவது” என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2021 இல் போரன்ஸ்டைனும் வேறு இருவரும் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வசதியுள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுப் பில்லைக் குறைத்துக்கொள்கிறார்கள். கம்பிக்கும் தூணுக்கும் ஆகும் செலவு குறைவதில்லை. அது சோலார் போட முடியாத, வாடகை வீட்டில் இருப்பவர்களின் யூனிட் விலையில் ஏறுகிறது. அந்தச் செலவை வருமானத்துக்கு ஏற்ப மாதக் கட்டணமாகப் பிரிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. 2024 மே மாதத்தில் கலிபோர்னியா ஆணைக்குழு மாதம் 24 டொலர் 15 சதம் நிலையான கட்டணத்தை அனுமதித்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 6 அல்லது 12 டொலர்.

இதற்கிடையில் மின்சாரத்தைச் சேமிக்க முடியாது என்ற பழைய நிலையும் மாறி வருகிறது. கலிபோர்னியாவில் பெரிய பற்றரிகளின் கொள்ளளவு 2024 இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகல் வெயிலில் சேர்த்து மாலையில் எடுக்கிறார்கள். ஸ்டோரில் சரக்கு இருந்தால் ஆட்டை மறைப்பவருக்கு வேலையில்லை!

இது நமக்கு எதற்கு?

இந்த நாட்டின் மின்சாரத்துக்கு மலையகம் அந்நியம் அல்ல. 1950 இல் ஓடத் தொடங்கிய லக்சபான, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள், 2012 இல் தலவாக்கலையில் வந்த 150 மெகாவாட் மேல் கொத்மலை, எல்லாம் நமது மலைகளுக்கு நடுவேதான். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றிப் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிந்தால், நாட்டில் எண்ணெயும் நிலக்கரியும் கூடுதலாக எரிகிறது என்று அர்த்தம்.

நமது நாட்டில் வீட்டுக் கட்டணத்தை மணித்தியால ஏலம் தீர்மானிப்பதில்லை. இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுதான் கட்டணத்தை அனுமதிக்கிறது. ஆனால் 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், மின்சார சபையின் வேலைகளை உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று பிரித்து வெவ்வேறு கம்பனிகளிடம் கொடுக்க வழி செய்தது. 2025 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே “போட்டி வந்தால் மலிவு” என்ற பேச்சு இனியும் வரும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. ஏதாவது ஒரு கம்பனி மின்சாரம் தராவிட்டாலும் நாடு சமாளிக்குமா? முடியாது என்றால், எத்தனை பெயர்ப்பலகை இருந்தாலும் அது போட்டி அல்ல.

2. ஒப்பந்தம் எப்போது எழுதப்படுகிறது? நிதானமாகவா, மின்வெட்டுக்கு நடுவிலா?

3. விலை ஏறினால், உண்மைச் செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க யாருக்கு அதிகாரம் உண்டு?

4. கம்பிக்கும் தூணுக்குமான செலவை யார் தலையில் போடுகிறார்கள்?

கட்டணம் மாற்றும் முன்பு ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரில் போயும் சொல்லலாம். “நாங்க போயி என்னாத்த பேசுறது?” என்று ஒதுங்கிவிடாதீர்கள். சங்கம், மாதர் குழு, இளைஞர் மன்றம் எதன் மூலமாவது ஒரு கடிதம் போனாலும் அது பதிவில் நிற்கும். படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இனி வீட்டுக்குள் ஒரு விடயம். 2022 முதல் இருந்துவந்த வீட்டுக் கட்டண முறையில், மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டியவருக்கு வேறு பட்டியல். 61 ஆவது யூனிட் விழுந்ததும் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை விழும். ஆகவே பில்லில் தொகையை மட்டும் பார்க்காமல் யூனிட் எண்ணிக்கையையும் பாருங்கள். மீற்றரை மாதத்தின் நடுவில் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

கலிபோர்னியா மக்களுக்கு விலை ஏறியது உடனே தெரிந்தது. ஏன் ஏறியது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் கணக்காக வெளிவந்தது. அந்தக் கணக்கு இன்று நம் கையிலும் இருக்கிறது. அடுத்த தடவை “செலவு கூடிப்போச்சு, அதனால விலை கூடுது” என்று யாராவது சொன்னால், தலையாட்டவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். “100 ரூபாயில எத்தனை ரூபா செலவு, எத்தனை ரூபா இலாபம்?” என்று கேளுங்கள்.

பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.